படிக்கட்டுச் சுவரில் மூன்று ஆணிகள்

விரிசலை முதலில் பார்த்தது முதல் மாடி டைப்பிஸ்ட். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட்தான். எழுத்துப் பிழை தேடியே தேய்ந்த கண். சுவரில் புதிதாக ஒரு கோடு முளைத்தால் அந்தக் கண்ணுக்குத் தப்புமா? காலையும் மாலையும் மொட்டை மாடியில் நடக்கப் போகிறவர், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் ஒரு நாள் நின்றுவிட்டார். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து புறப்பட்டுச் சாய்வாக இறங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே காணாமல் போயிருந்தது அந்தக் கோடு. முதல் நாள் தலைமுடி கனம். இரண்டு வாரம் கழித்து அதற்குள் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி, அது விழாமல் நிற்பதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

நான்கு மாடி, மாடிக்கு இரண்டாக எட்டு வீடு, தரைத்தளத்தில் ஒரு மெத்தைக் கடை. ஒருவர் வீட்டுச் சண்டையை இன்னொருவர் சுவர் வழியாகக் கேட்டு, மறுநாள் ஒன்றும் தெரியாததுபோல் சிரித்துக்கொள்கிற அளவுக்குப் பழகியவர்கள்.

மூன்றாம் மாடியில் இருந்தவளை அட்டையக்கா என்பார்கள். தோல் பை தைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. பையின் ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் கெட்டி அட்டையில் அச்சு வெட்ட வேண்டும். அந்த அட்டையைத் தோலின்மேல் வைத்துத்தான் மற்றவர்கள் அறுப்பார்கள். அட்டை ஒரு நூல் பிசகினால் ஐந்நூறு பையும் ஒரு நூல் பிசகும். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவள் கண்ணுக்கு அது ஒரு வாசல் அகலம். “ரத்தம் குடிக்கிற அட்டை இல்லை, சோறு போடற அட்டை” என்று தன் பட்டப்பெயரைப் பற்றி அவளே சொல்லிச் சிரிப்பாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகள் ஒன்பதாம் வகுப்பு.

அவள் தம்பி அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. கட்டட ஓவர்சியர். வீடு கட்டுவோரும் இடிப்போரும் அவன் கையெழுத்துக்காக வந்து நிற்பார்கள். விரிசல் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் அவன் கதவைத் தட்டினார்கள். வீட்டுக்குள்ளேயே வைத்தியர் இருக்கும்போது வெளியே யார் போவார்கள்?

அவன் வந்து பார்த்தான். விரலால் தடவினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தலை பளபளக்கும் மூன்று எஃகு ஆணிகளையும் துளை போடும் கருவியையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

“இங்க பாருங்க. ரெண்டு ஆணி விரிசலுக்கு இந்தப் பக்கம், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. மூணாவது அந்தப் பக்கம். மூணுக்கும் நடுவுல மூணு தூரம். வாராவாரம் அளப்போம். மூணு தூரமும் மாறலைன்னா முக்கோணம் மாறலை. முக்கோணம் மாறலைன்னா அந்தப் பக்கச் சுவர் நகரலை. அவ்வளவுதான் விஷயம்.”

“சர்வசமம், மாமா” என்றாள் அட்டையக்காவின் மகள். அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் ஆரம்பித்திருந்தது. “ப-ப-ப. பக்கம், பக்கம், பக்கம். மூணு பக்கமும் சமமா இருந்தா போதும், கோணமெல்லாம் தானா வந்து உக்காந்துக்கும்.”

“பாத்தீங்களா, சின்னப் பொண்ணு சொல்லிட்டா.”

நான்காம் மாடியில் ஒரு அம்மாள் இருந்தாள். அவளிடம் ஒரு விஷயம் சொன்னால் எட்டு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். “பப்பப்பாவோ பாப்பாவோ, தலையில விழாம இருந்தா சரி” என்றாள் ரேடியோ. எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அளவுக் கருவியின் இரண்டு முனைகளை ஆணித் தலைகளில் வைத்து எண்களைச் சொல்ல, டைப்பிஸ்ட் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு அட்டையக்கா மட்டும் நின்றாள். புள்ளிக்குப் புள்ளி எண் சொல்லும் கணக்கில் அவளுக்கு நம்பிக்கை இல்லை; கையில் அச்சு இருந்தால்தான் மனம் ஆறும். வீட்டிலிருந்து ஒரு அட்டைத் துண்டைக் கொண்டு வந்து ஆணிகளின்மேல் வைத்து அழுத்தினாள். மூன்று பள்ளம் விழுந்தது. அவற்றைச் சுத்தமாகத் துளையிட்டு, துளைக்கு நடுவே விரிசல் எப்படி ஓடுகிறதோ அப்படியே பென்சிலால் ஒரு கோடும் போட்டாள். தையல் ஓடும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டாமல் ஒரு அட்டையையும் கையிலிருந்து விட்டுப் பழக்கமில்லை அவளுக்கு. பிறகு அலமாரியின்மேல் போட்டாள், மறந்தும் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. தம்பி கருவியை வைப்பான், எண்ணைச் சொல்வான், டைப்பிஸ்ட் எழுதுவார். “மாத்தமில்லை.” நான்காவது வாரத்துக்கு மேல் சுற்றி நின்று பார்க்கிற கூட்டமும் குறைந்தது. மாற்றமில்லை என்பதை எத்தனை தடவைதான் போய்க் கேட்பது?

ஏழாவது வாரம் அட்டையக்காவின் கணவருக்கு வெளியூரில் விபத்து. லாரிக்கு ஒன்றுமில்லை, அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. அவளும் மகளும் எட்டு நாள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, தொடைவரை மாவுக்கட்டுப் போட்ட மனிதரை அழைத்துக்கொண்டு திரும்பினார்கள். நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி மூன்று மாடி ஏற்றினார்கள். “கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை இப்படித் தூக்கலை” என்று அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

படி திரும்புகிற இடத்தில் பெயிண்ட் வாசனை அடித்தது. சுவர் முழுக்க வெளிறிய பச்சை. விரிசல் இருந்த சுவடே இல்லை. மூன்று ஆணித் தலைகள் மட்டும் பளபளத்தன.

“பூசி மூடிட்டேன்கா” என்றான் தம்பி, நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தபடி. “இத்தனை வாரமா அசையலை. பாக்கறவங்க சும்மா பயப்படறாங்க. ஆணி அங்கயே இருக்கு, அளவு எடுத்துக்கிட்டுத்தான் இருப்பேன்.”

நல்லதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. கணவரின் காலைத் தவிர வேறு எதையும் நினைக்க அப்போது அவளுக்கு நேரமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னதாக ஏதேதோ நடக்க ஆரம்பித்தது. குளியலறைக் கதவு மூட மறுத்தது. தச்சர் வந்து அடிப்பக்கம் இழைத்துவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் மறுபடி பிடித்தது, மறுபடி இழைத்தார். “மழை பெய்யலையே, மரம் ஏன் ஊதுது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். இரண்டாம் மாடியில் தம்பிக்கு எதிர்வீட்டுப் பல் டாக்டர் கண்ணாடித் தட்டில் வைக்கிற புட்டிகள் எல்லாம் காலையில் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றன. மத்தியான வெயிலில் கட்டடம் எங்கோ உள்ளே சொடக்கு எடுத்தது. ஒரு தடவை. பிறகு அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு தடவை. ரேடியோகூட அதைப்பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தினாள்.

தம்பியிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. வெயில், ஈரப்பதம், பழைய மரம். ஞாயிறு பத்து மணிக்கு ஆணியை அளந்து காட்டுவான். அதே எண்கள். கடுகளவும் மாற்றமில்லை. “முக்கோணம் பொய் சொல்லாது” என்பான்.

ஆனால் அவன் மனைவி போய்விட்டாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்ததாம். முதலில் பிள்ளைகளின் புத்தகப் பை போயிற்று, பிறகு துணி, பிறகு அலமாரி. தம்பி மட்டும் ஒரு பாயும் தலையணையுமாக இரண்டாம் மாடியில் தங்கிவிட்டான். கன்னம் ஒட்டிப்போய், தாடியை மழிக்காமல், தினமும் ஒரு தடவையாவது அக்கா வீட்டுக்கு வந்து நிற்பான்.

“அக்கா, அங்க ஒரு ரூம் காலியாத்தான் கெடக்கு. மாமா கால் சரியாகற வரைக்கும் நீங்க மூணு பேரும் வந்து இருங்களேன்.”

“இவரை மறுபடி எவன் தூக்கிட்டு இறங்கறது? கால் நல்லாகட்டும், நடந்தே வர்றோம்.”

“நான் தூக்கறேன்கா.”

“உன் முதுகு உடைஞ்சா உனக்கு யாரு கட்டுப் போடறது?”

அவன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டான். அடுத்த வாரம் மூன்றாவது தடவை கேட்டபோது அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பொண்டாட்டியோடு ஏதோ மனஸ்தாபம், தனிமை தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கூடப் பிறந்தவனைப்பற்றி அதற்கு மேல் யார் யோசிப்பார்கள்?

பதினாறாவது வாரம், ஒரு புதன்கிழமை. பட்டறையில் மின்சாரம் போய் இயந்திரங்கள் நின்றுவிட, பதினோரு மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் கணவரின் எக்ஸ்ரே படத்தைத் தேடி அலமாரியின்மேல் கை விட்டாள். எக்ஸ்ரேயோடு அந்த அட்டையும் வந்தது.

மூன்று துளை, ஒரு பென்சில் கோடு. இதை எதற்கு வெட்டினோம் என்று ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், அட்டையோடு படியிறங்கிப் போய், ஆணிகளின்மேல் வைத்தாள். மூன்று தலையும் மூன்று துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன. சட்டைப் பித்தான் போடுவதுபோல.

நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எதுவோ நெருடியது. இருபது வருடமாக அட்டை வெட்டுகிறாள். ஒரே அட்டையை வைத்து வெட்டிய இரண்டு துண்டுகூட நான்கு மாதம் கழித்து இப்படி ஒட்டிப் பொருந்தாது. ஒன்று சுருங்கும், ஒன்று நீளும். கதவு நகர்ந்திருக்கிறது, புட்டி நகர்ந்திருக்கிறது. ஆணி மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது?

மகளுக்கு மறுநாள் பரீட்சை என்பதால் பள்ளியில் விடுமுறை. கூடத்தில் அப்பாவின் கட்டுக்கால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ரெண்டு முக்கோணம் சர்வசமம்னா ரெண்டும் ஒரே இடத்துல இருக்கணுமா?”

“அதெல்லாம் வேண்டாம்மா. ஒண்ணு இங்க இருக்கும், இன்னொண்ணு அடுத்த பக்கத்துல இருக்கும். நகர்த்தி வச்சா பொருந்தணும். அவ்வளவுதான்.”

“என்ன சொன்னே?”

“நகர்த்தி வச்சா பொருந்தணும்.” மகள் நிமிர்ந்து பார்த்தாள். “ஏம்மா ஒரு மாதிரி இருக்கே?”

அட்டையக்கா திரும்பி உள்ளே போனாள். தோல் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள்.

இந்தத் தடவை ஆணியைப் பார்க்கவில்லை, அட்டையில் போட்டிருந்த பென்சில் கோட்டைப் பார்த்தாள். துளைகளை ஆணிகளில் மாட்டியபடி அட்டையைப் பிடித்துக்கொண்டு, கோட்டின் மேல்முனை எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்ணை ஓட்டினாள். விரிசல் ஜன்னலின் கீழ் மூலையிலிருந்துதானே புறப்பட்டது? கோட்டை நேரே நீட்டினால் ஜன்னல் மூலைக்குப் போக வேண்டும். போகவில்லை. மூலைக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, வெறும் சுவருக்குப் போயிற்று.

ஒரு சாண். யாரோ அந்த முக்கோணத்தை அலுங்காமல் குலுங்காமல் தூக்கி ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறார்கள். இப்போது மூன்று ஆணியும் விரிசலுக்கு ஒரே பக்கம். ஒரே கல்லில் அடித்த மூன்று ஆணிக்கு நடுவே தூரம் எப்படி மாறும்? சுவரே விழுந்தாலும் அது மாறாமல்தான் விழும்.

ஜன்னல் மூலைக்குக் கீழே பச்சைப் பெயிண்டைக் கத்தியால் சீவினாள். தோலை அடிப்பக்கம் மெலிதாக்குவதுபோல், அவசரப்படாமல், இழை இழையாக. முதலில் வெள்ளை மாவு வைத்து அடைத்த ஒரு வட்டம். ஒரு முழம் கீழே இன்னொன்று. பூச்சுக்குள் ஒளிந்திருந்த விரிசலைத் தாண்டி வலப்பக்கம் மூன்றாவது. மாவைத் தோண்டியெடுத்தாள். பழைய ஆணிகளின் துளைகள்.

அட்டையை அவற்றின்மேல் வைத்தாள். இடப்பக்கத்து இரண்டும் பொருந்தின. மூன்றாவது பொருந்தவில்லை. அட்டையின் துளை வழியே தெரிந்தது வெறும் சுவர்தான். சுவரின் துளை இரண்டு நூல் தள்ளி, அதற்கும் கொஞ்சம் கீழே இருந்தது.

மேலே எங்கோ கட்டடம் ஒரு சொடக்கு எடுத்தது. கையை அந்தச் சுவரிலிருந்து அவள் மெதுவாக எடுத்தாள். வேகமாக எடுத்தால் அதற்குத் தெரிந்துவிடும் என்பதுபோல.

தம்பிக்குப் போன் போட்டாள். “படிக்கட்டுக்கு வா” என்று மட்டும் சொன்னாள். இருபது நிமிடத்தில் வந்தான். சீவிய சுவரையும், தரையில் உதிர்ந்து கிடந்த பச்சைத் தூளையும், அவள் கையிலிருந்த அட்டையையும் பார்த்தான். படியில் உட்கார்ந்துவிட்டான்.

“எப்பலேருந்து?” என்றாள்.

“நாலாவது வாரம். மூணாவது தூரம் கூடிடுச்சு. கொஞ்சம்தான். அப்புறம் ஒவ்வொரு வாரமும்.”

“அப்ப நீ சொன்ன எண்ணெல்லாம்?”

“முதல் வாரத்து எண்ணையே சொன்னேன். யாராவது பக்கத்துல வந்து கருவியைப் பாத்தா தெரிஞ்சுடும்னு பயம். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனப்ப ஆணியை மாத்தினேன். அதுக்கப்புறம் பொய் சொல்ல வேண்டியிருக்கலை. அளந்தா அதே எண்ணுதான் வரும். பூச்சு வெடிச்சா ராத்திரியில மறுபடி பூசிடுவேன்.”

மீதியையும் அவனே சொன்னான். மெத்தைக் கடைக்காரர் கடையை அகலமாக்க உள்ளே ஒரு சுவரை எடுக்கக் கேட்டாராம். பழைய வரைபடத்தில் அது தடுப்புச் சுவர் என்று இருந்ததாம். பாரம் தாங்கும் சுவர் இல்லை என்று எழுதி, இவன் கையெழுத்துப் போட்டானாம். சுவரை எடுத்துப் பத்து நாளில் டைப்பிஸ்ட் கண்ணில் விரிசல்.

“வரைபடம் தப்புக்கா. நான் உளி வச்சுத் தட்டிப் பாத்திருக்கணும். பாக்கலை.”

“அது தப்பு. தப்பு யாருக்கும் வரும். இது என்னது?” சுவரைக் காட்டினாள்.

“கீழ இரும்புத் தூண் நிறுத்த ஏற்பாடு பண்ணிட்டிருக்கேன். யாருக்கும் தெரியாம முடிச்சுடலாம். ரெண்டு வாரம் பொறுத்துக்கோ. இப்ப வெளிய தெரிஞ்சா நான் ஒழிஞ்சேன்.”

“அந்த ரெண்டு வாரமும் இங்க யாரு தூங்குவாங்க?”

“நானும் இங்கதானேக்கா தூங்கறேன்.”

“உன் உசுரு உன் இஷ்டம். உன் பிள்ளைங்களை ஏன் அனுப்பினே?”

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். உள்ளேயிருந்து குரல் வந்தது. “உன்னை எத்தனை தடவை கூப்பிட்டேன். மூணு தடவை கூப்பிட்டேனேக்கா.”

அந்தச் சொல்தான் அவளை அடித்தது. ஆணியை நகர்த்தியதைவிட, நோட்டில் பொய் சொன்னதைவிட. ஆமாம், கூப்பிட்டான். கண் கலங்கக் கூப்பிட்டான். பல் டாக்டரின் கைக்குழந்தையை யார் கூப்பிட்டது? தினமும் இரண்டு தடவை இந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு படியேறும் டைப்பிஸ்டை? இருபத்தேழு பேரில் அவன் அக்கா குடும்பத்து மூன்று பேரை மட்டும் எண்ணி எடுத்திருக்கிறான். அந்த அன்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“எழுந்திரு” என்றாள். “மாமாவைத் தூக்கிட்டு இறங்கறேன்னு சொன்னியே. இப்பத் தூக்கு.”

“அக்கா, மத்தவங்க கிட்ட...”

“மத்தவங்களை நான் பாத்துக்கறேன்.”

முதலில் ரேடியோவிடம் போனாள். வேறு யாரிடம் போவாள்? ரேடியோ வந்து பார்த்தாள். அட்டை இரண்டு துளையில் பொருந்துவதையும் மூன்றாவதில் பொருந்தாததையும் ஒரு தடவை காட்டினால் போதும்; எண்ணோ கருவியோ தேவைப்படவில்லை. பத்து நிமிடத்தில் கட்டடம் முழுக்கச் செய்தி போய்விட்டது. பல் டாக்டர் வீட்டில் மட்டும் வாக்குவாதம். “ஒரு அட்டையை நம்பியா குழந்தையைத் தூக்கிட்டுத் தெருவுல நிக்கச் சொல்றீங்க? ஓவர்சியர் என்ன சொல்றார்?” என்றார் டாக்டர்.

அப்போது ஓவர்சியர் படியிறங்கி வந்துகொண்டிருந்தான். முதுகில் அக்காள் கணவர். மாவுக்கட்டுப் போட்ட கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. காலைப் பிடித்தபடி மகள் பக்கவாட்டில் இறங்கினாள். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மனிதர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. டாக்டர் வழியை மறித்து நின்றார்.

“சொல்லுங்க. போகணுமா?”

தம்பிக்கு மூச்சு வாங்கியது. வியர்வை கண்ணில் இறங்கியது. “போங்க டாக்டர்” என்றான். “உடனே போங்க.”

மூன்று மணிக்குள் எட்டு வீடும் காலி. எதிர்ப்புற நடைபாதையில் பெட்டிகளும் தலையணைகளுமாக உட்கார்ந்து எல்லோரும் கட்டடத்தையே பார்த்தார்கள். அது பேசாமல் நின்றது. மாடியில் யாரோ மறந்துவிட்ட துண்டு ஒன்று காற்றில் ஆடியது. மெத்தைக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்து, “எல்லாரும் சேர்ந்து என் வியாபாரத்தைக் கெடுக்கறீங்க” என்று சொல்லிவிட்டு, ஆனால் திரும்ப உள்ளே போகாமல் அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

நகராட்சிப் பொறியாளர் மறுநாள் வந்தார். சுவரைப் பார்த்தார், கடைக்குள் போய்ப் பார்த்தார், வெளியே வந்து ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று கயிறு கட்டி, ஒரு காவலாளியையும் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு வாரம் அட்டையக்காவுக்கு நரகமாக இருந்தது. சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டிக்கிடந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். குழந்தையின் மருந்தை எடுக்க ஐந்தே நிமிடம் உள்ளே போய்வருகிறேன் என்று பல் டாக்டரின் மனைவி காவலாளியிடம் சண்டை போட்டாள். அட்டையக்காவே ஒரு நாள் விடியற்காலையில் விழித்து, தான் அட்டையைத் தலைகீழாக வைத்துப் பார்த்துவிட்டோமோ என்று நடுங்கினாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினொன்றரைக்கு, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கண்ணெதிரே, கட்டடத்தின் பின்பாதி தன் காலடியிலேயே இறங்கியது. படிக்கட்டு, எட்டு வீட்டு அடுக்களை, எட்டுக் குளியலறை. ஏதோ பெரிய மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உள்ளே யாரும் இல்லை.

செய்தி கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். தூசி அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கூட்டத்தின் ஓரத்தில் தம்பி நின்றான். ஒவ்வொரு முகமாகப் பார்த்து உதடு அசையாமல் அவன் தலை எண்ணுவதை அட்டையக்கா கவனித்தாள். இருபத்தேழுக்கு வந்ததும் அவன் திரும்பி நேரே காவல் நிலையத்துக்கு நடந்தான். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். உரிமம் போயிற்று, வழக்கு நடக்கும் என்றார்கள். பதினைந்து நாளில் ஜாமீனில் வந்தான்.

வந்த அன்று மாலையே அக்கா குடியேறியிருந்த ஒற்றை அறை வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

“அக்கா, என்னை ரெண்டு அடி அடிச்சுடு. பேசாம மட்டும் இருக்காதே.”

“என்கிட்ட எதுக்கு வந்தே? என்னைத்தான் கூப்பிட்டியே. கூப்பிடாத வீடு ஆறு இருக்கு. அங்கே போ.”

“எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவேன்?”

அவள் உள்ளே போனாள். கதவை மூடப் போகிறாள் என்று நினைத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். “நட. நானும் வர்றேன். நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீயே சொல்லு.”

டைப்பிஸ்ட் தன் மகன் வீட்டில் இருந்தார். கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். தம்பி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, “நாலாவது வாரத்துலேருந்தா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஆமா சார்.”

“தினம் ரெண்டு வேளை அந்தப் படியில ஏறி இறங்கினேன்” என்றார். “நீ எனக்கு வணக்கம் சொல்லுவே.”

கதவு மெதுவாகத்தான் மூடியது. தம்பி அந்த மூடிய கதவின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அட்டையக்கா தெருவில் இறங்கிக் காத்திருந்தாள். அவன் முதுகைத் தட்டிக்கொடுக்க அவள் கை ஒரு தடவை எழுந்தது. எழுந்த கையைப் புடவை முந்தானையைச் சரி செய்ய வைத்துக்கொண்டாள்.

“டாக்டர் எங்க இருக்கார்னு தெரியுமா?” என்றான் அவன்.

“மாமனார் வீட்டுல. நடந்தா இருபது நிமிஷம்.”

அவள் முன்னால் நடந்தாள். இரண்டு அடி பின்னால் அவன் வந்தான். இன்னும் ஐந்து வீடு இருந்தது.